மச்சம் மாறுகிறதா? அளந்து அறிவோம்

மாணவர்களே, தமிழ்நாட்டில் படித்த உறவினர் யாராவது உங்களுக்கு இருந்தால், அவருடைய பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். அதில் 'அங்க அடையாளங்கள்' என்று ஓர் இடம் இருக்கும். 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்', 'இடது முழங்கையில் ஒரு தழும்பு' என்பதுபோல் எழுதியிருப்பார்கள். ஆள் வளர்ந்தாலும் முகம் மாறினாலும் மச்சம் மாறாது என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம்.

அந்த நம்பிக்கை பாதிதான் சரி. மச்சம் இருக்கும் இடம் மாறாது. ஆனால் மச்சம் மாறும். பிறந்த குழந்தைகளில் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு குழந்தைகளுக்குத்தான் பிறக்கும்போதே மச்சம் இருக்கிறது. மற்ற மச்சங்கள் எல்லாம் பிறகு வருபவை. அவை தோன்றுகின்றன, பெரிதாகின்றன, மேடாகின்றன, சில நேரம் மறைந்தும் போகின்றன. இவை அதிகம் நடப்பது உங்கள் வயதில்தான்.

இங்கேதான் ஒரு சிக்கல். 'மாறும் மச்சம் புற்றுநோயாக இருக்கலாம்' என்று கைப்பேசியில் படித்துவிட்டுப் பிள்ளையின் ஒவ்வொரு மச்சத்தையும் கண்டு பயப்படும் பெற்றோர் இருக்கிறார்கள். 'மச்சம்தானே' என்று இரத்தம் கசியும் புள்ளியைக்கூடக் கண்டுகொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. வளரும் பிள்ளையிடம் 'மச்சம் மாறுகிறதா?' என்று மட்டும் கேட்டால் 'ஆம்' என்றுதான் பதில் வரும். 'எப்படி மாறுகிறது? எவ்வளவு வேகத்தில்? மற்ற மச்சங்களைப் போலவா, தனியாகவா?' என்பதே சரியான கேள்வி. அதற்குப் பதில் காண, தொடக்கப்பள்ளி அறிவியலில் நீங்கள் படித்த உற்றறிதலும் அளவெடுத்தலும் போதும்.

மச்சம் என்பது என்ன?

நம் மேல்தோலின் அடி அடுக்கில் மெலனோசைட் என்ற உயிரணுக்கள் இருக்கின்றன. மெலனின் என்ற பழுப்புக் கறுப்பு நிறமியைத் தயாரிப்பது இவற்றின் வேலை. ஒரு மெலனோசைட் தன்னைச் சுற்றியுள்ள சுமார் 36 தோல் உயிரணுக்களுக்கு நிறமியை வழங்குகிறது. தோலில் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அவை தயாரிக்கும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறுபடுகின்றன.

பொதுவாக மெலனோசைட்டுகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத் தனித்தனியாக இருக்கும். ஓர் இடத்தில் அவை பெருகிக் கொத்தாகச் சேர்ந்தால் அதுதான் மச்சம். இந்தப் பெருக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. பிறந்த பிறகு வரும் சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றில் 'பிராஃப்' என்ற மரபணு மாறியிருப்பதை 2003-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மெலனோமா என்னும் தோல் புற்றுநோயிலும் இதே மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது.

பயப்பட வேண்டாம். மச்சத்தில் உள்ள உயிரணுக்கள் சில மில்லிமீட்டர் அளவுக்குப் பெருகியதும் நின்றுவிடுகின்றன. உடலின் கட்டுப்பாடு அவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. புற்றுநோய் உயிரணு அப்படி நிற்பதில்லை. ஆகவே மச்சத்தைக் கண்காணிப்பது என்றால், அது நின்ற இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கழுத்தில் தொங்கும் சிறு சதை மரு. அது மச்சம் அல்ல. நம் நாட்டில் பல குழந்தைகள் பிறக்கும்போது இடுப்புக்குக் கீழே நீலச் சாம்பல் நிறத் திட்டுகளோடு பிறக்கிறார்கள். அடிபட்ட காயம்போல் தெரியும் அந்தத் திட்டில் மெலனோசைட்டுகள் தோலின் ஆழத்தில் இருக்கின்றன. ஆழத்தில் உள்ள பழுப்பு நிறமி, ஒளிச்சிதறலால் வெளியே நீலமாகத் தெரிகிறது. பெரும்பாலும் சில ஆண்டுகளில் அது தானாகவே மங்கிவிடும்.

மச்சத்தின் வாழ்க்கை

சாதாரண மச்சம் முதலில் ஊசி முனை அளவில், தட்டையாக, ஒரே பழுப்பு நிறத்தில் தோன்றும். அப்போது அதன் உயிரணுக் கொத்துகள் மேல்தோலும் உள்தோலும் சந்திக்கும் இடத்தில் இருக்கும். ஆண்டுகள் போகப் போகக் கொத்துகளில் ஒரு பகுதி உள்தோலுக்கு இறங்கும். அப்போது மச்சம் மெல்ல மேடாகும். பெரியவர்களுக்கு அது மிருதுவாக, வெளிறிய நிறத்தில், சிறு குமிழ்போல் ஆகலாம். அதில் முடி முளைப்பதும் இயல்பே. அது ஆபத்தின் அடையாளம் அல்ல.

பருவ வயதில் புதிய மச்சங்கள் வருவதும், இருப்பவை சற்றுக் கறுப்பதும் வழக்கம். முப்பது வயதுகளுக்குப் பிறகு புதிய மச்சம் வருவது குறைகிறது. முதுமையில் பல மச்சங்கள் மங்குகின்றன. எனவே 13 வயதில் புதிதாக வந்த ஒரு மச்சத்துக்கும் 60 வயதில் புதிதாக வந்த ஒரு மச்சத்துக்கும் ஒரே பொருள் இல்லை. உங்கள் வயதில் அது எதிர்பார்க்கக்கூடியது. தாத்தாவின் வயதில் அதை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

சில பதின்ம வயதினருக்கு மச்சத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தோன்றும். நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் அந்த மச்சத்தைத் தாக்குவதால் வருவது அது. பிறகு மச்சமே மறைந்து, பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அந்த இடம் பழைய நிறத்துக்குத் திரும்பலாம். பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் தீங்கற்றது. ஒருமுறை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டால் போதும்.

ஐந்து எழுத்து விதியும் அதன் குறையும்

1985-இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் மெலனோமாவை மக்களே சந்தேகிப்பதற்கு ஓர் எளிய விதியைத் தந்தார்கள். ஆங்கில எழுத்துகளான ஏ, பி, சி, டி என்பவற்றில் அதை அடக்கினார்கள். மச்சத்தின் இரு பாதிகளும் ஒத்திராமை, ஓரம் ஒழுங்கற்றிருத்தல், பல நிறங்கள் கலந்திருத்தல், விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருத்தல் ஆகியவை அந்த நான்கு. பென்சிலின் மறுமுனையில் உள்ள அழிப்பான் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அகலம். 2004-இல் 'இ' என்ற ஐந்தாவது எழுத்தைச் சேர்த்தார்கள். மச்சம் காலப்போக்கில் மாறுகிறது என்பது அதன் பொருள்.

பெரியவர்களுக்கு இது நல்ல விதி. பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாது. முதலாவதாக, பிள்ளைகளின் நல்ல மச்சங்களும் மாறுகின்றன. ஐந்தாவது எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் எல்லாமே சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். இரண்டாவதாக, பிள்ளைகளுக்கு மெலனோமா வருவது மிக அரிது; வந்தாலும் அது பல நேரம் இந்த விதிக்குள் அடங்குவதில்லை. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மெலனோமா வந்த 10 வயது வரையிலான பிள்ளைகளில் 60 விழுக்காட்டினருக்கும், 11 முதல் 19 வயது வரையிலானவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் வழக்கமான அறிகுறிகள் இருக்கவில்லை. கறுப்பாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தது, ஒரே நிறமாக இருந்தது, மேடாகி இரத்தம் கசிந்தது, 6 மில்லிமீட்டரைவிடச் சிறியதாக இருந்தது என்று பல வகை.

ஆகவே பிள்ளைகளுக்கு வேறு இரண்டு கேள்விகள் உதவுகின்றன. ஒன்று, மச்சம் உடலோடு சேர்ந்து வளர்கிறதா? மற்றொன்று, அது மற்ற மச்சங்களைப் போல இருக்கிறதா?

முதல் கேள்வி: உடலோடு வளர்கிறதா?

பிறக்கும்போதே இருக்கும் மச்சத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பலூனில் பேனாவால் சிறு வட்டம் வரைந்து ஊதினால் வட்டமும் பெரிதாகும். அங்கே புதிதாக மை சேரவில்லை. பிறவி மச்சமும் பெரும்பாலும் தோல் விரியும் அளவுக்கே விரிகிறது.

எவ்வளவு விரியும்? அது உடலின் பகுதியைப் பொறுத்தது. பிறந்த குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடும்போது பெரியது. எனவே பிறகு குறைவாகவே வளர்கிறது. கால்களோ மிக அதிகமாக நீள்கின்றன. பிறவி மச்சம் பெரியவராகும்போது எவ்வளவு இருக்கும் என்று மருத்துவர்கள் கணிக்கப் பயன்படுத்தும் பெருக்கெண்கள் இவை: தலையில் ஏறக்குறைய 1.7, உடற்பகுதியிலும் கைகளிலும் 2.8; கால்களில் 3.3.

குழந்தையின் தொடையில் 2 சென்டிமீட்டர் மச்சம் இருந்தால், பெரியவரானதும் அது சுமார் 6.6 சென்டிமீட்டர் ஆகலாம். அதே 2 சென்டிமீட்டர் மச்சம் தலையில் இருந்தால் 3.4 சென்டிமீட்டர்தான். பரப்பளவைக் கணக்கிட்டால் வேறுபாடு இன்னும் பெரிது. நீளம் 3.3 மடங்கானால் பரப்பளவு 3.3-இன் வர்க்கம், அதாவது ஏறக்குறைய 10.9 மடங்கு. பழைய படத்தைப் பார்த்துப் 'பத்து மடங்கு பெரிதாகிவிட்டதே' என்று அம்மா பதறினால், கணக்கு தெரிந்த நீங்கள் விளக்கலாம்.

இப்போது ஒரு பயிற்சி. எண்கள் கற்பனையானவை. ஒரு மாணவியின் முன்கையில் ஒரு பிறவி மச்சம் இருக்கிறது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையான நீளத்தை அளவுக்கு எடுத்துக்கொள்வோம்.

7 வயதில்: முன்கை 180 மி.மீ., மச்சம் 9 மி.மீ. விகிதம் 9 ÷ 180 = 0.05
13 வயதில்: முன்கை 240 மி.மீ., மச்சம் 12 மி.மீ. விகிதம் 12 ÷ 240 = 0.05

மச்சம் 3 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது, ஆனால் விகிதம் மாறவில்லை. கையோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். 13 வயதில் மச்சம் 15 மில்லிமீட்டர் என்று இருந்தால்? விகிதம் 0.0625. கையைவிட மச்சம் வேகமாக வளர்ந்திருக்கிறது. இதை வைத்துப் புற்றுநோய் என்று முடிவு கட்டக் கூடாது. மருத்துவரிடம் காட்ட ஒரு நல்ல காரணம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிறந்த பிறகு வரும் மச்சங்களுக்கு இந்த விகிதக் கணக்கு பொருந்தாது. அவை புள்ளியாகத் தொடங்கிச் சில மில்லிமீட்டர் வரை வளர்ந்து நிற்கும். அவற்றைப் பொறுத்தவரை மெதுவாக, சீராக வளர்ந்து நின்றதா என்பதே கேள்வி.

இரண்டாம் கேள்வி: கூட்டத்தில் தனித்து நிற்கிறதா?

ஒருவருடைய மச்சங்கள் பெரும்பாலும் ஒரு குடும்பத்தைப்போல ஒன்றுக்கொன்று சாயல் கொண்டிருக்கும். ஒருவருக்கு எல்லாம் சிறிய கரும்புள்ளிகள். இன்னொருவருக்கு எல்லாம் வெளிர் பழுப்புத் திட்டுகள். இந்தச் சாயலுக்கு ஒட்டாமல் ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதைக் கவனிக்க வேண்டும். 1998-இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் இதற்கு 'அழகற்ற வாத்துக்குஞ்சு' அடையாளம் என்று பெயர் வைத்தார்கள். ஆண்டர்சன் எழுதிய கதையில் மற்றக் குஞ்சுகளோடு ஒட்டாமல் நிற்கும் அந்தக் குஞ்சு உங்களுக்கு நினைவிருக்கலாம்.

அறிவியல் மொழியில் சொன்னால், உங்கள் மற்ற மச்சங்களே உங்களுக்கான கட்டுப்பாட்டுக் குழு. பருவ வயதில் ஐந்து மச்சங்களும் சற்றுக் கறுத்தால் காரணம் உடல் முழுவதற்கும் பொதுவானது. நான்கு அப்படியே இருக்க ஒன்று மட்டும் கறுத்துப் பெரிதானால் காரணம் அந்த மச்சத்துக்குள் இருக்கிறது.

நுண்ணோக்கியும் காலமும்

நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் அல்லவா, ஏன் காத்திருந்து பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு வரலாறு பதில் சொல்கிறது.

நியூயார்க்கில் பணியாற்றிய சோஃபி ஸ்பிட்ஸ் என்ற நோயியல் மருத்துவர் 1948-இல் 13 பிள்ளைகளின் தோல் கட்டிகளைப் பற்றி எழுதினார். நுண்ணோக்கியில் அவை பெரியவர்களின் மெலனோமாவைப்போலவே இருந்தன. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் அந்நோயால் இறக்கவில்லை. தோற்றம் புற்றுநோய், நடத்தையோ பெரும்பாலும் சாது. பிற்காலத்தில், இவற்றில் பெரும்பாலானவை தீங்கற்ற ஒரு தனி வகை மச்சம் என்று தெளிவானது. இன்று அதற்கு ஸ்பிட்ஸ் மச்சம் என்றே பெயர். பிள்ளைகளின் முகத்திலோ காலிலோ இளஞ்சிவப்பாகவோ கருமையாகவோ வேகமாக வளரும் சிறு குமிழாக அது வரும்.

ஒரு கணத்தில் எடுத்த படம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், அது பாதித் தகவல்தான். அந்தப் பிள்ளைகளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பார்த்ததால்தான் மறுபாதி தெரிந்தது. இருந்தும், வேகமாக வளரும் குமிழை வீட்டிலேயே 'ஸ்பிட்ஸ் மச்சம்தான்' என்று நாம் முடிவு செய்யக் கூடாது. அதைப் பிரித்தறிவது நிபுணர்களுக்கே சில நேரம் கடினம்.

உள்ளங்காலும் நகமும்

கறுத்த தோலில் மெலனின் அதிகம் என்பதால் நமக்கு மெலனோமா வரும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட மிகக் குறைவு. ஆனால் வராது என்று இல்லை. ஆசியர்களுக்கும் கறுத்த தோல் உடையவர்களுக்கும் வரும்போது அது பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் வருகிறது. இவை வெயில் அதிகம் படாத இடங்கள். இந்த வகைக்கு வெயில் முக்கியக் காரணம் அல்ல. பெரும்பாலும் வயதானவர்களுக்கே வருகிறது. யாரும் உள்ளங்காலைப் பார்ப்பதில்லை என்பதால் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது.

ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தின் அடியில் மெலனோமா இருப்பது தெரியவந்தது. காற்பந்து ஆடியபோது பட்ட காயம் என்றே முதலில் கருதப்பட்டது. நோய் பரவி 1981-இல் அவர் இறந்தார். வயது 36.

அடிபட்டதால் நகத்தடியில் உறைந்த இரத்தத்தையும் நிறமியையும் பிரித்தறியக் காலம் நமக்கு உதவுகிறது. கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வளர்கிறது. இரத்தக் கறை நகத்தோடு சேர்ந்து முன்னே நகரும். அதன் பின்னால் தெளிவான நகம் முளைத்து வரும். நிறமியோ நகம் உருவாகும் இடத்திலிருந்தே வருவதால் நகராது. அடியிலிருந்து நுனி வரை கோடாக நிற்கும். கறுத்த தோல் உடையவர்களுக்குப் பல விரல்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது இயல்பு. ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போகும் கோடு, அல்லது நகத்தைச் சுற்றிய தோலுக்கும் பரவும் கருமை இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உள்ளங்கால் மச்சத்தைத் தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற ஒளியுள்ள உருப்பெருக்கியால் பார்ப்பார். கைரேகையைப்போலக் காலிலும் வரம்புகளும் பள்ளங்களும் உண்டு. நிறம் பள்ளங்களின் வழியே கோடுகளாக ஓடினால் பெரும்பாலும் நல்ல மச்சம். வரம்புகளின் மேல் நிறம் படிந்திருந்தால் சந்தேகம் எழும்.

செய்து பார்ப்போம்: மச்சப் பதிவேடு

தேவையானவை: ஒரு நோட்டுப் புத்தகம், மில்லிமீட்டர் குறியுள்ள அடிக்கோல், கைப்பேசி. இதை அம்மா அல்லது அப்பாவோடு சேர்ந்து செய்யுங்கள். ஆடைக்குள் மறையும் பகுதிகளைப் படம் எடுக்க வேண்டாம். அங்கே சந்தேகம் இருந்தால் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் நேரில் காட்டினால் போதும். எடுத்த படங்களை வாட்ஸ்அப் குழுவிலோ சமூக ஊடகத்திலோ போடாதீர்கள்.

1. முன்புறமும் பின்புறமுமாக இரண்டு உடல் வரைபடங்களை வரையுங்கள். மச்சம் உள்ள இடங்களில் புள்ளி வைத்து எண் கொடுங்கள்.

2. ஒவ்வொரு மச்சத்தின் மிக நீளமான விட்டத்தை அளந்து எழுதுங்கள். அடிக்கோலுக்கு நேர் மேலே கண்ணை வைத்துப் பாருங்கள். சாய்ந்து பார்த்தால் அளவு பிழைபடும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

3. நிறம், தட்டையா மேடா, ஓரம் தெளிவா என்பதை ஒரு வரியில் குறியுங்கள்.

4. சற்றுத் தள்ளி ஒரு படம், நெருக்கமாக ஒரு படம் எடுங்கள். நெருக்கமான படத்தில் அடிக்கோலும் தெரிய வேண்டும். அது இல்லாத படத்தில் அளவை ஒப்பிட முடியாது.

5. அடுத்த முறையும் அதே இடம், அதே வெளிச்சம், அதே தூரம், அதே கைப்பேசி. அழகூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள்.

6. நாளை எழுத மறக்காதீர்கள். நாள் இல்லாத படம் வேகத்தைச் சொல்லாது.

இந்தச் சோதனையில் காலமே தற்சார்பு மாறி. மச்சத்தின் அளவும் நிறமும் சார்பு மாறி. வெளிச்சம், தூரம், கருவி ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். மஞ்சள் விளக்கில் ஒரு படமும் சன்னல் வெளிச்சத்தில் ஒரு படமும் எடுத்துவிட்டு 'நிறம் மாறிவிட்டது' என்று சொன்னால், மாறியது மச்சமா விளக்கா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆண்டுக்கு இரண்டு முறை போதும். தினமும் பார்த்தால் நன்மை இல்லை. அடிக்கோலில் அரை மில்லிமீட்டர் கூடக் குறைய வருவது இயல்பு. போன வாரம் 4, இந்த வாரம் 4.5 என்றால் அது அளவீட்டுப் பிழையாக இருக்கலாம். மூன்று அல்லது நான்கு பதிவுகள் சேர்ந்த பிறகுதான் போக்கு தெரியும். ஒரு குறிப்பிட்ட மச்சத்தைக் கவனிக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் அவர் குறித்த தேதிகளைப் பின்பற்றுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த பதிவுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்:

- அடிபடாமலே இரத்தம் கசியும் அல்லது ஆறாத புண்ணாக இருக்கும் மச்சம்
- சில வாரங்களிலேயே வளரும் இளஞ்சிவப்பு அல்லது சிவப்புக் குமிழ்
- அளவு, வடிவம், நிறம் வேகமாக மாறும் மச்சம்
- மற்ற எல்லா மச்சங்களிலிருந்தும் வேறுபட்டு நிற்கும் ஒன்று
- தொடர்ந்து வலிக்கும் அல்லது அரிக்கும் மச்சம்
- உள்ளங்காலிலோ ஒரே ஒரு நகத்திலோ புதிதாக வந்து பரவும் கருமை

பெரியவராகும்போது 20 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடிய பெரிய பிறவி மச்சம் இருந்தால், பிறந்ததிலிருந்தே நிபுணரின் கண்காணிப்பு தேவை.

முதலில் அருகில் உள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து மருத்துவமனையின் தோல் நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். உங்கள் பதிவேட்டையும் கொண்டுபோங்கள். 'பெரிதானது மாதிரி இருக்கிறது' என்பதைவிட 'ஆறு மாதத்தில் 4 மில்லிமீட்டரிலிருந்து 7 ஆகிவிட்டது' என்பது மருத்துவருக்கு உதவும். படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் கைப்பேசிச் செயலிகள் மருத்துவருக்கு மாற்று அல்ல.

சுண்ணாம்பும் மச்சம் நீக்கும் களிம்பும்

சில வீடுகளில் மச்சத்தையும் மருவையும் போக்கச் சுண்ணாம்பு தடவுவார்கள், முடியால் கட்டுவார்கள். இணையத்தில் மச்சம் நீக்கும் களிம்புகளும் விற்கின்றன. இவை தோலை அரித்துத் தழும்பாக்கும் என்பது ஒரு கெடுதல். அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. மருத்துவர் நீக்கினால் அந்தத் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து பார்ப்பார்கள். களிம்பு தடவினால் மேலே உள்ளது கரைந்துவிடும். அடியில் என்ன இருந்தது என்பதற்குச் சான்றே இருக்காது. மிச்சமிருக்கும் உயிரணுக்கள் தழும்பின் அடியில் மறைந்து வளரவும் கூடும்.

வெயிலுக்கும் மச்சத்துக்கும் என்ன தொடர்பு?

கனடாவின் வான்கூவர் நகரில் 1993-இல் வெள்ளை இனப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை தொடங்கியது. ஒரு பிரிவினருக்கு 30 எஸ்பிஎஃப் கொண்ட வெயில் தடுப்புக் களிம்பு கொடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்குக் கொடுக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்துப் புதிய மச்சங்களை எண்ணினார்கள். களிம்பு பெற்றவர்களின் இடைநிலை எண் 24, பெறாதவர்களின் இடைநிலை எண் 28. குறைவான வெயிலில் குறைவான மச்சம்.

அந்த எண்களை நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. கறுத்த தோலில் மச்சங்களே குறைவு. ஆனால் நாம் வாழ்வது நிலநடுக்கோட்டின் அருகில். மேகமில்லாத நாளின் நண்பகலில் இங்கே புற ஊதாக்கதிர்க் குறியீடு 11-ஐ எட்டுவது சாதாரணம். 11-ம் அதற்கு மேலும் என்றால் உலகச் சுகாதார நிறுவனம் 'மிக உச்சம்' என்று வகைப்படுத்துகிறது. புறப்பாட நடவடிக்கைகளைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்வதும், தொப்பி அணிவதும், நிழலில் ஓய்வெடுப்பதும் எல்லார் தோலுக்கும் நல்லது.

மீள்பார்வை

1. பிறந்த குழந்தையின் முதுகில் 15 மி.மீ. பிறவி மச்சம் இருக்கிறது. பெரியவரானதும் அது ஏறக்குறைய எவ்வளவு இருக்கும்?

2. ஒரு மாணவனின் ஆறு மச்சங்களும் இரண்டு ஆண்டுகளில் சற்றுக் கறுத்துள்ளன. இன்னொரு மாணவனுக்கு ஒன்று மட்டும் கறுத்துள்ளது. யார் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்? ஏன்?

3. காற்பந்து ஆடிய பிறகு நகத்தடியில் கறுத்த இடம், நான்கு மாதத்தில் ஏறக்குறைய எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும்? நகரவே இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?

விடைகள்: 1) 15 × 2.8 = 42 மி.மீ. 2) இரண்டாம் மாணவன், அவனுடைய மற்ற மச்சங்கள் மாறாதபோது அது மட்டும் தனியாக மாறியிருக்கிறது. 3) சுமார் 6 மி.மீ.; நகரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்த வார இறுதியில் பதிவேட்டின் முதல் பக்கத்தைத் தொடங்குங்கள். கையோடு தாத்தா பாட்டியின் உள்ளங்கால்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவர்களால் குனிந்து பார்க்க முடியாத இடம் அது.